பழைய தூண்டில் ரீலைக் காப்பாற்ற: கண்டி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கண்டியில் பல வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய தூண்டில் ரீல் கிடக்கும். தாத்தா காலத்தில் தோட்டத்துரை விட்டுப்போனதாக இருக்கலாம். மத்திய கிழக்கில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்ததாக இருக்கலாம். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு அப்பா ஆசைப்பட்டு வாங்கியதாகவும் இருக்கலாம். எடுத்துக் கைபிடியைச் சுற்றினால் அசையாது, அல்லது கரகரவென்று சத்தம் போடும். பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்கள். நான் திறந்து பார்த்த பழைய ரீல்களில் பெரும்பாலானவற்றில் உடைந்த பாகம் ஒன்றுகூட இருக்கவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் காய்ந்து பிசினான கிறீசும் உப்பும்தான். அந்தக் காலத்து ரீல்கள் திறப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஒரு ஸ்குறூட்ரைவரும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் வீட்டு மேசையிலேயே அவற்றுக்கு உயிர் கொடுக்கலாம்.

இங்கே சொல்வது ஸ்பூல் குறுக்காக இருந்து தானே சுழலும் வகையைப் பற்றி. அமெரிக்காவின் பென், சுவீடனின் அபு அம்பாசடர், அவற்றைப் பார்த்துச் செய்த ஜப்பானிய ரீல்கள் எல்லாம் இதில் அடங்கும். முன்னால் கம்பி வளையம் திரும்புகிற ஸ்பின்னிங் ரீலின் உள்ளமைப்பு வேறு.

1. ரீலைத் திறந்து துப்புரவாக்க ஏற்ற காலம் செப்டெம்பர் கடைசி. கண்டியிலிருந்து கடலுக்குப் போகிறவர்களில் பலர் திருகோணமலைப் பக்கமே போகிறார்கள். அங்கே கடல் அமைதியாக இருப்பது ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை. அதன் பிறகு ரீல் மலைக்குத் திரும்பி அலுமாரிக்குள் போகும். உடனே ஒக்டோபர், நவம்பர் மழை பிடித்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கண்டியின் மழை மாதங்களில் அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. கடலில் ஒரு நாள் பட்ட உப்பு, அலுமாரிக்குள் மூன்று மாதம் ஈரமாகவே இருந்து பித்தளையையும் இரும்பையும் தின்கிறது. ரீலுக்குக் கேடு கடலில் நேர்வதைவிட வீட்டில் நேர்வதே அதிகம். மகாவலியிலும் விக்டோரியாவிலும் மட்டுமே பாவிக்கும் ரீலுக்கு இந்த அவசரம் இல்லை. அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திறந்தால் போதும்.

2. திறக்குமுன் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பென் கம்பனியை ஓட்டோ ஹென்ஸே 1932இல் பிலடெல்பியாவில் தொடங்கினார். அதன் புகழ்பெற்ற செனட்டர் வரிசை 1936இல் வந்தது. பென் ரீல்களின் பக்கத் தட்டிலேயே மாடலின் பெயரோ இலக்கமோ பொறித்திருக்கும்: 500 என்றால் ஜிக்மாஸ்டர், 60 என்றால் லோங் பீச், 209 என்றால் நூலை ஒழுங்காகப் பரப்பும் லெவல்வைண்ட். அபுவின் கதை வேறு. 1921இல் ஸ்வெங்ஸ்டா என்ற ஊரில் மணிக்கூடு செய்யத் தொடங்கி, வாடகைக் காருக்கான மீட்டர் செய்து, பிறகு ரீலுக்கு வந்த தொழிற்சாலை அது. அம்பாசடரின் உள்ளே பாகங்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பொருந்துவதற்குக் காரணம் அந்த மணிக்கூட்டுக் கைப்பழக்கம்தான். 1970களின் நடுப்பகுதியிலிருந்து வந்த அம்பாசடரின் அடிப்பாதத்தில் ஆறு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 780900 என்றால் 1978 செப்டெம்பர்.

3. மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். அதன்மேல் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டம் வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். வாஷரின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

4. தலை கெட்ட திருகாணிதான் பழைய ரீலின் மிகப் பெரிய துன்பம். பெரும்பாலான பழைய ரீல்களில் நேர்க்கோட்டுப் பள்ளமுள்ள திருகாணிகளே உண்டு. வீட்டில் கிடக்கும் ஸ்குறூட்ரைவரின் நுனி ஆப்புபோலச் சரிந்திருப்பதால் பள்ளத்தை நிரப்பாமல் மேலே ஏறி விளிம்பை வழித்துவிடும். நுனியை அரத்தால் தேய்த்து, பள்ளத்தின் அகலமும் ஆழமும் முழுவதும் நிரம்பும்படி செய்துகொள்ளுங்கள். மணிக்கூடு திருத்துபவர்கள் ஒவ்வொரு திருகாணிக்கும் ஏற்றபடி நுனியைத் தீட்டிவைப்பது இதனால்தான். நகரில் சிறு ஸ்குறூட்ரைவர் செட் ஒன்று வாங்கி, ஒன்றிரண்டை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

5. அசையாத திருகாணியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டு, ஸ்குறூட்ரைவரின் பிடியில் இலேசாக இரண்டு தட்டுத் தட்டி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, பிறகு கழற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பற்றவைக்கும் மின்கோலின் சூடான நுனியைத் திருகாணித் தலையில் அரை நிமிடம் வைக்கலாம். பக்கத் தட்டு உலோகமாக இருந்தால் மட்டும்தான் இந்த வழி. கறுப்பு அல்லது அரக்கு நிறப் பேக்கலைட் தட்டாக இருந்தால் சூடு அண்டக்கூடாது. 1907இல் கண்டுபிடித்த இந்தப் பொருள் சூட்டில் உருகாது, வெடித்துவிடும்.

6. பென் ரீலைத் திறக்கும் ஒழுங்கு இது. முதலில் ட்ராக் எனப்படும் பிரேக்கின் நட்சத்திரம்போல இருக்கும் பிடியைத் தளர்த்துங்கள். வலது பக்க வளையத்தின் விளிம்புத் திருகாணிகளைக் கழற்றினால் பக்கத் தட்டு முழுவதுமாக வெளியே வரும். ஸ்பூலை எடுத்து வையுங்கள். கைபிடி நட்டைப் பூட்டியிருக்கும் சிறு திருகாணி, நட், கைபிடி, நட்சத்திரம், அதன் கீழுள்ள குழாய் ஆகியவற்றை வரிசையாகக் கழற்றுங்கள். கடைசியாக, தட்டின் முகத்திலுள்ள சிறு திருகாணிகள் உள்ளே பாலம்போல இருக்கும் உலோகத் துண்டைப் பிடித்திருக்கும். அதன்மேல்தான் பெரிய பற்சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் திருகாணிகளை எடுக்கும்போது தட்டையும் பாலத்தையும் விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே இரண்டு சிறு ஸ்பிரிங்குகள் அமுங்கி நிற்கின்றன. ஜிக்மாஸ்டரிலும் ஸ்குவிடரிலும் ஸ்பூலை மாற்றுவதற்காக இவ்வளவு திருகாணி கழற்ற வேண்டாம். அதற்கென்று இலகுவான பூட்டு வைத்திருக்கிறார்கள்.

7. ஸ்பிரிங் இருக்கும் பகுதியைக் கழற்றும்போது ரீலையும் இரண்டு கைகளையும் ஒரு பெரிய கண்ணாடிப் பொலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பாயும் ஸ்பிரிங் பைக்குள்ளேயே விழும். அபுவின் சிறு பிடிவளையங்களுக்கும் இதே வழி.

8. ட்ராக் அடுக்கில் உலோக வாஷரும் உராய்வு வாஷரும் மாறி மாறி வரும். உலோக வாஷரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று நடுத் துளையால் தண்டோடு பூட்டிச் சுழலும். மற்றது வெளிக்காதுகளால் பற்சக்கரத்தோடு பூட்டிச் சுழலும். ஒழுங்கு மாறினால் ட்ராக் ஒன்றில் முற்றாக இறுகும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. எடுக்கும்போதே ஒரு பெரிய ஊக்கில் வரிசையாகக் கோத்துவிடுங்கள்.

9. கழுவுவதற்கு ஒரு யோகட் கோப்பையில் மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையும் போதும். உலோகப் பாகங்களை அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் எத்தனை வருடக் கிறீசும் கழன்றுவிடும். மண்ணெண்ணெய் உப்பைக் கரைக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் இரண்டாவது கழுவலாக இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து தேய்த்து, நல்ல நீரில் அலசி, உடனே துடைத்துக் காய வையுங்கள். இரண்டில் ஒன்றை விட்டால் வேலை அரைகுறை. பேக்கலைட் தட்டுகளுக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் சவர்க்கார நீர் மட்டும். நகப்பூச்சு அகற்றும் திரவம், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெற்றோலை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். மண்ணெண்ணெய் வேலையையும் குசினி அடுப்புக்குத் தள்ளி, விறாந்தையிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

10. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் தேசிக்காயோ பழப்புளியோ அதைக் கரைக்கும். குத்துவிளக்குத் துலக்கும் வீடுகளில் இது தெரிந்த வேலை. ஆனால் ரீல் பாகத்தை ஊறப்போடக் கூடாது. ஒரு நிமிடம் தேய்த்து உடனே கழுவிவிட வேண்டும். புளிப்பு அதிக நேரம் நின்றால் பித்தளையிலுள்ள நாகம் கரைந்து செம்பு நிறம் தட்டும், அந்த இடம் பலவீனமாகும். அலுமினிய ஸ்பூலில் புளிப்பு படவே கூடாது. பிராசோ போன்ற மினுக்கும் திரவங்களை வெளி வளையத்துக்கு எப்போதாவது பாவிக்கலாம், பற்சக்கரத்துக்கு வேண்டாம். இவற்றில் அமோனியா கலந்திருப்பதுண்டு. அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால், அழுத்தத்தில் இருக்கும் பித்தளை விரிசல் விடும். பிரித்தானிய இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே பிளந்துபோயின. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்பது 1921 அளவில்தான் தெளிவானது. மினுக்கினால் மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள்.

11. குரோம் பூச்சு மங்கியிருந்தால் மென்மையான துணியில் ஒரு துளி மெசின் ஒயில் விட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். பூச்சு உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தப் போகாதீர்கள். உரிதல் இன்னும் பரவும்.

12. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையில் எப்போதும் இருப்பது அதுதான் என்பதால் கதவுக் கீலுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் அதையே விட்டுப் பழகியவர்கள் நாம். ரீலுக்கு விட்டால் முதல் வாரம் நன்றாகவே சுழலும். ஆனால் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையத் தொடங்கும். கண்டியில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 20 பாகைக்கும் கீழே இறங்கும். விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போனால் ரீலுக்குள் எண்ணெய் மெழுகாக இறுகியிருக்கும். அதைவிடக் கேடு, நாளாக நாளாகக் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடுவது. நல்லெண்ணெய்க்கும் இதே குணம்தான். பழைய ரீல்களின் உள்ளே நான் காணும் மஞ்சள் அரக்குப் படிவு பெரும்பாலும் சமையல் எண்ணெயின் வேலை.

13. அதற்குப் பதில் தையல் மெசின் ஒயில். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். அந்த மெசினுக்கு ஊற்றும் மெல்லிய கனிய எண்ணெய் பிசினாகாது, குளிரில் உறையாது, ரீலின் வேகமான பாகங்களுக்கு மிகப் பொருத்தம். டபிள்யூடி-40 பற்றியும் ஒரு வார்த்தை. 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கிய கலவை அது. இறுகிய பாகத்தை இளக்கவும் நனைந்த பாகத்தை உலர்த்தவும் நல்லது. விரைவில் ஆவியாகிவிடும் என்பதால் அதை மட்டுமே நம்பி ரீலை மூடக்கூடாது.

14. எண்ணெய் எங்கே, கிறீஸ் எங்கே? வேகமாகச் சுழல்வதற்கு எண்ணெய், மெதுவாகச் சுழன்று பாரம் தாங்குவதற்குக் கிறீஸ். ஸ்பூல் தண்டின் இரு முனைகளுக்கும் பெயாரிங்குக்கும் ஒவ்வொரு துளி எண்ணெய். பெரிய பற்சக்கரத்தின் பற்களுக்கும் கைபிடித் தண்டுக்கும் மெல்லிய பூச்சாகக் கிறீஸ். மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் லித்தியம் கிறீஸ் நன்றாகவே வேலை செய்யும். படகுகளுக்கான கிறீஸ் கிடைத்தால் கடலுக்குப் போகும் ரீலுக்கு அது இன்னும் நல்லது. ரீலை மூடுமுன் பக்கத் தட்டின் உட்புறம், திருகாணிப் புரிகள், அடிப்பாதம் எல்லாவற்றுக்கும் விரல் நுனியால் கண்ணுக்குத் தெரியாத அளவு கிறீஸ் தடவுங்கள். உப்பு உலோகத்தைத் தொடாமல் தடுப்பது இந்தப் பூச்சுதான். அடுத்த முறை திருகாணி அழுத்தமில்லாமல் கழல்வதும் இதனால்தான்.

15. பெயாரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, காய்ந்ததும் ஒரு பென்சில் நுனியில் மாட்டி விரலால் சுண்டுங்கள். தடையின்றிச் சுழன்று மெதுவாக நின்றால் நல்லது. கரகரத்தால் மீண்டும் அலசுங்கள். அப்போதும் கரகரத்தால் மாற்ற வேண்டியதுதான். பழைய அம்பாசடரில் 5000 என்று மட்டும் இருந்தால் பித்தளைப் புஷ், 5000 சி என்றிருந்தால் பந்துப் பெயாரிங். 5000, 6000 வரிசைகளில் பலவற்றின் ஸ்பூல் பெயாரிங் உள்துளை 3, வெளிவிட்டம் 10, அகலம் 4 மில்லிமீட்டர். பெயாரிங் கடையில் 623 என்று கேட்டால் இதே அளவுதான் கிடைக்கும். கழற்றிய பெயாரிங்கையும் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

16. ட்ராக் என்பது மீன் இழுக்கும்போது நூல் அறாமல் வழுக்கிக் கொடுக்கும் பிரேக். பழைய ரீல் மீனைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். இழுத்துப் பாருங்கள். நூல் சீராக வந்தால் நன்று. விட்டுவிட்டுத் துள்ளி வந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் பட்டுக் கண்ணாடிபோல வழுவழுத்திருக்கிறது. தோல் வாஷரானால் சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காயவிட்டு, ஒரு துளி மெசின் ஒயில் தடவி மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள். தடித்த அட்டைபோன்ற உராய்வு வாஷரைத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தக் காலத்து உராய்வுப் பொருட்களில் கல்நார் கலப்பது வழக்கமாக இருந்தது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியில் சுற்றி அகற்றிவிட்டுக் கரிநார் வாஷர் போடுங்கள். பென் கம்பனியே எச்.டி.-100 என்ற பெயரில் அதைச் செய்கிறது, பழைய மாடல்களுக்கும் அந்த அளவுகள் உண்டு. உலோக வாஷர் குழிந்திருந்தால், கண்ணாடித் துண்டின்மேல் நுண்ணிய உப்புத்தாளை வைத்து நீர்விட்டுத் தேய்த்துத் தட்டையாக்கலாம்.

17. ட்ராக்கின் இறுக்கத்தைக் கையால் மதிப்பிடாதீர்கள். நூல் முனையை ஸ்பிரிங் தராசில் மாட்டி நேராக இழுங்கள். நூலின் தாங்குதிறனில் நாலிலொன்று முதல் மூன்றிலொன்று வரைக்குள் வழுக்கத் தொடங்க வேண்டும். 10 கிலோ தாங்கும் தங்கூசியென்றால் இரண்டரை முதல் மூன்று கிலோ.

18. கைபிடி பின்னோக்கிச் சுற்றினால் ஆபத்து. பெரிய மீன் இழுக்கும்போது கைபிடி விரல் எலும்பை அடித்துவிடும். பெரிய பற்சக்கரத்தின் கீழுள்ள பல்வட்டில் ஒரு சிறு நாக்கு விழுந்து பின்னோட்டத்தைத் தடுக்கிறது. அந்த நாக்கைத் தள்ளும் ஸ்பிரிங் கறள் பிடித்திருக்கும், அல்லது கிறீஸ் அதிகமாகி நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இடத்துக்குக் கிறீஸ் வேண்டாம், ஒரு துளி எண்ணெய் போதும். நாக்கின் முனை உருண்டு தேய்ந்திருந்தால் அரத்தால் கூராக்கிச் சமாளிக்காமல் புதிதாக மாற்றுங்கள். முனை வழுக்கினால் அடுத்து உடைவது பல்வட்டு.

19. நூலைப் பரப்பும் வழிகாட்டி ஒரு மூலையில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். அபுவிலும் பென் 209இலும் குறுக்குப் புரி வெட்டிய தண்டு ஒன்று முன்னால் ஓடுகிறது. அதன் பள்ளத்தில் ஒரு பிறைவடிவத் துண்டு சறுக்கிப் போய் வருகிறது. வழிகாட்டியின் கீழுள்ள மூடியைக் கழற்றினால் அந்தத் துண்டு கையில் வரும். பள்ளத்தில் மணலும் நூல் தும்பும் அடைந்திருக்கும். ஊசியால் கிண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த தடித்த தையல் நூலைப் பள்ளத்தில் ஓட்டித் துடையுங்கள். துண்டின் முனை கத்திபோல மெலிந்திருந்தால் அதை மாற்றுங்கள். விலை குறைந்த பாகம்தான், ஆனால் தேய்ந்ததை விட்டுவைத்தால் விலை கூடிய தண்டைக் கெடுத்துவிடும். இந்தத் தண்டுக்கு எண்ணெய் மட்டும். கிறீஸ் பூசினால் ஆற்று மணல் வந்து ஒட்டும்.

20. சிறு ஸ்பிரிங் தொலைந்தால் குமிழ்முனைப் பேனாவின் ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டித் தற்காலிகமாகப் போடலாம். நாக்கின் ஸ்பிரிங்குக்கு மெல்லிய கிற்றார்க் கம்பியை வளைக்கலாம். இரண்டும் கறள் பிடிக்கும். சரியான பாகம் வரும்வரை ஆற்று மீனுக்கு மட்டும்.

21. பழைய பென் ரீல்களில் சிலவற்றின் ஸ்பூல் பிளாஸ்டிக்கால் ஆனது. லினன் நூல் பாவித்த காலத்துக்காகச் செய்தவை. தங்கூசி இழுபடும் நூல். பாரத்தோடு சுற்றிவிட்டால் உள்ளே சுருங்கச் சுருங்க ஸ்பூலின் பக்கங்களை வெளியே தள்ளும். ஒரு நாள் படாரென்று வெடித்துவிடும். இப்படிப்பட்ட ஸ்பூலில் தங்கூசியை இறுக்கமாகச் சுற்றி வைக்காதீர்கள். மீன்பிடித்துவிட்டு வந்ததும் நூலைக் கழற்றி, தளர்வாக மீண்டும் சுற்றுங்கள். அந்த மாடலுக்கு உலோக ஸ்பூல் கிடைத்தால் மாற்றுவதே நல்லது. அலுமினிய ஸ்பூலென்றால் நூலின் அடியில் வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். பொடி என்றால் உப்பு அரிக்கத் தொடங்கிவிட்டது.

22. எல்லாம் பூட்டிய பிறகு பென் ரீலின் இடது பக்கத்துப் பெயாரிங் மூடியைச் சரிப்படுத்துங்கள். ஸ்பூலைப் பக்கவாட்டில் அசைத்தால் மெல்லிய ஆட்டம் ஒன்று இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் சுழற்சி செத்துவிடும், மிஞ்சினால் தண்டின் முனை தேயும்.

23. கடலில் பாவித்து வந்த அன்றிரவே செய்ய வேண்டியது இது. ட்ராக்கை இறுக்குங்கள், உள்ளே நீர் போகாது. மெல்லிய தாரையில் நல்ல நீரை மேலே ஓடவிடுங்கள். குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சக் கூடாது. வாளிக்குள் அமிழ்த்தவும் கூடாது. இரண்டுமே உப்பை உள்ளே கொண்டு சேர்க்கும். துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, ட்ராக்கை முழுவதும் தளர்த்துங்கள். இறுக்கியபடி மாதக்கணக்கில் கிடந்தால் வாஷர் அமுங்கிச் சப்பையாகிவிடும். திருகோணமலையிலிருந்து கண்டிக்கு வரப் பல மணி நேரம் ஆகும். புறப்படுமுன் ஒரு போத்தல் நல்ல தண்ணீரால் நனைத்துத் துடைத்துவிட்டு வந்தால் வீட்டில் பாதி வேலை மிச்சம்.

24. அபு ரீல்களோடு வந்த தோல் பெட்டி பார்க்க அழகானது. ரீலை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். கண்டியின் ஈரத்தில் தோல் பூஞ்சணம் பூக்கும், அந்த ஈரமும் தோலின் புளிப்பும் பித்தளையில் பச்சை ஏற்றும். பெட்டியைத் தனியே வையுங்கள். ரீலைப் பழைய பருத்திப் பனியனில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு மூன்று ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு வைக்கலாம். சப்பாத்துப் பெட்டியிலும் குளிசைப் போத்தலிலும் வருகிற அதே பொட்டலம்தான். மழை மாதங்களில் இடையிடையே அவற்றைச் சூடான தாச்சியின் அருகே வைத்து உலர்த்தி மீண்டும் போடுங்கள். குளியலறைச் சுவரோடு ஒட்டிய அலுமாரி, சீமெந்துத் தரை இரண்டையும் தவிருங்கள்.

25. கிடைக்காத பாகத்தை இங்கேயே செய்யலாம். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது இலங்கையில் எந்த இயந்திரமும் அப்படித்தான் ஓடியது. தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோய் லேத் பட்டறையில் கொடுத்தால் பித்தளைக் கோலிலிருந்து கடைந்து தருவார்கள். வெண்கலம் கிடைத்தால் இன்னும் நாள் நிற்கும். உடைந்த கைபிடிக் கை, வளைந்த அடிப்பாதம் போன்றவற்றுக்குப் பிலிமத்தலாவைப் பக்கத்துப் பித்தளைக் கைவினைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பித்தளை வார்க்கும் இடம் அது. பற்சக்கரத்தை மட்டும் இப்படிச் செய்விக்க வேண்டாம். பல்லின் சாய்வு சிறிது பிசகினாலும் இணைச் சக்கரத்தை அரைத்துவிடும்.

26. மரமும் பித்தளையும் சேர்ந்த ரீலோ, இங்கிலாந்தின் அன்விக் நகரில் 1872இல் தொடங்கிய ஹார்டி கம்பனியின் ரீலோ கையில் கிடைத்தால் மினுக்கப் போகாதீர்கள். நுவரெலியா ஓடைகளில் டிரவுட் பிடிக்க வந்த துரைமார் விட்டுப்போன சில இன்னும் மலையகத்தில் உண்டு. அவற்றின் மங்கிய நிறத்துக்கே மதிப்பு. உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, தண்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

27. திருத்திய ரீலைச் சோதிக்கக் கண்டி வாவிக்குப் போகாதீர்கள், அங்கே மீன்பிடிக்கத் தடை உண்டு. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த பகுதி 1987இலிருந்து சரணாலயம். எங்கே பிடிக்கலாம் என்பதை முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். வீசிப் பழக வெட்டைவெளியும் ஒரு ஈயக் குண்டும் போதும்.

28. பென் பாகங்களை வரவழைக்கும்போது பெயர் சொல்லிக் கேட்பதைவிட இலக்கம் சொல்லிக் கேட்பதே நிச்சயம். முதலில் பாகத்தின் இலக்கம், பிறகு மாடலின் இலக்கம் வரும். பெரிய பற்சக்கரத்துக்கு 5, அதோடு சேரும் சிறிய பற்சக்கரத்துக்கு 13. செனட்டர் 113க்குப் பெரிய சக்கரம் வேண்டுமானால் 5-113. ஒரே பாகம் பல மாடல்களுக்குப் பொருந்துவதும் உண்டு. பெரிய சக்கரம் மாற்றினால் சிறியதையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லும் புதிய பல்லும் ஒத்து ஓடாது. பழைய சாமான் கடையில் அதே மாடல் உடைந்து கிடந்தால் வாங்கி, கழுவி, எண்ணெய் பூசி, பாகம் பாகமாகப் பிரித்து ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு வையுங்கள். மூடியில் மாடல் இலக்கத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்.